மார்கழிக்கு மட்டும் என்ன அவசரம்?

ஜூலை பொறந்துருச்சுன்னு தெரிஞ்சுக்க எனக்கு காலண்டரே தேவையில்ல. எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அந்த ஃபார்வர்டு வந்து விழுந்துரும்.

உங்களுக்கும் கண்டிப்பா வந்திருக்கும். ‘அபீலியன்’னு ஒண்ணு ஆரம்பிக்குதாம். பூமி சூரியனை விட்டு ரொம்ப தூரம் தள்ளிப் போயிருதாம். வழக்கமா 9 கோடி கிலோமீட்டர்ல இருக்கிற சூரியன், இப்ப 15.2 கோடி கிலோமீட்டருக்குப் போயிருச்சாம். அதனால ஆகஸ்ட் வரைக்கும் போன வருஷத்தைவிட குளிருமாம். சளி, இருமல், மூச்சுத் திணறல் எல்லாம் வருமாம். சத்து மாத்திரை வாங்கி வச்சுக்கணுமாம். கடைசியில, வேண்டியவங்க எல்லாருக்கும் அனுப்புங்கன்னு ரெண்டு கும்பிடு.

எங்க குரூப்ல இதை அனுப்புற உரிமை அத்தைக்கு மட்டும்தான். தென்காசியில இருக்காங்க.

“அத்தை, இது பொய். யாருக்கும் அனுப்பாதீங்க”ன்னேன்.

“என்னட்டி பொய்யி? இங்கன வந்து பாரு. போர்வையை விட்டு எந்திரிக்க முடியல. காலையில வாசத் தெளிக்கப் போனா கை வெறைச்சுப் போவுது.”

இதுக்கு என்னத்தச் சொல்ல? ஜூலை மாசம் தென்காசியில உக்காந்துக்கிட்டு ஒருத்தர் குளிருதுன்னு சொன்னா அது சத்தியமான உண்மை. குத்தால சீசன். செங்கோட்டை, ஆரியங்காவு கணவாய் வழியா தென்மேற்குக் காத்து உள்ள புகுந்து சாரலைத் தூவிக்கிட்டுப் போகும். அந்தச் சாரலுக்கும் சூரியன் தள்ளி நிக்கிறதுக்கும் சம்பந்தம் கிடையாது. அதே வாரம் சென்னையில நான் ஃபேனை அஞ்சுல வச்சு, அதுவும் பத்தாம வேர்த்து ஊத்திக்கிட்டு இருக்கேன். அத்தைக்கு ஒரு சூரியன், எனக்கு ஒரு சூரியனா?

முழுப் பொய்யா இருந்தா எனக்கு இவ்வளவு எரிச்சல் வராது. இது பாதி உண்மை. அபீலியன்னு ஒண்ணு நிஜமா இருக்கு. பூமி சூரியனை வட்டமா சுத்தல, லேசா நசுங்கின நீள்வட்டத்துல சுத்துது. அதுல ரொம்ப தூரமான இடம் அபீலியன், சேய்மைப் புள்ளி. ஜூலை முதல் வாரத்துலதான் அங்க போறோம். 15.2 கோடி கிலோமீட்டரும் சரிதான்.

பொய் எங்க இருக்குன்னா, அந்த 9 கோடியில இருக்கு. சூரியனுக்கும் நமக்கும் சராசரி தூரம் 14.96 கோடி கிலோமீட்டர். அதாவது 9.3 கோடி மைல். (புரிஞ்சுதா? யாரோ மைலையும் கிலோமீட்டரையும் ஒரே வரியில போட்டுக் குழப்பியிருக்காங்கன்னுதான் நான் சந்தேகப்படுறேன்.) சேய்மையில நாம சராசரியைவிடத் தள்ளிப் போறது 2 சதவீதம்கூட இல்ல. ஃபார்வர்டுல போட்டிருக்கிறது 66 சதவீதம்! அவ்வளவு தள்ளிப் போனா சளி மாத்திரையெல்லாம் எந்த மூலைக்கு? கடலே உறைஞ்சிரும்.

சரி, அது போகட்டும். இன்னொரு வருத்தம் இருக்கு.

தூரமா போறதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் பண்றோமே, கிட்ட வர்றதைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை பேசுறோமா? வருஷா வருஷம் ஜனவரி 3, 4 வாக்குல பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட வந்துட்டுப் போகுது. பெரிஹீலியன், அண்மைப் புள்ளி. அப்ப தூரம் 14.71 கோடி கிலோமீட்டர். ஜூலையைவிட 50 லட்சம் கிலோமீட்டர் கிட்ட! 2026-ல ஜனவரி 3 ராத்திரி வந்துச்சு. யாருக்காவது தெரியுமா? போத்திக்கிட்டுத் தூங்கிட்டு இருந்தோம். ஏன்னா அது மார்கழி. பனி.

சூரியனுக்கு ரொம்பக் கிட்ட இருக்கிற அன்னைக்கு, காதுல மப்ளர் கட்டிக்கிட்டு டீ குடிக்கிற ஆளுங்க நாம. அந்த ஃபார்வர்டை மறுக்க இந்த ஒரு வரி போதும்.

(அது ஏன் ஒரு வருஷம் 3, ஒரு வருஷம் 4-ன்னு தேதி மாறுதுன்னு கேப்பீங்க. லீப் வருஷம் ஒரு காரணம். நிலா இன்னொரு காரணம். நிலா நம்மளைக் கொஞ்சம் இப்படி அப்படி இழுக்குறதால, பூமி அந்தப் புள்ளியைத் தொடுற நேரம் ஒரு நாள் முன்ன பின்ன நகருது.)

அப்ப கிட்ட வந்தா சூடு கூடாதா? கூடும். ஜூலையைவிட ஜனவரியில பூமி மேல விழுற வெயில் மொத்தத்துல கிட்டத்தட்ட 7 சதவீதம் அதிகம். ஆனா அந்த 7 சதவீதத்தை, பூமி சாஞ்சு நிக்கிற 23.4 டிகிரி சுத்தமா முழுங்கிருது.

சென்னையையே எடுத்துக்குங்க. ஜனவரி ஆரம்பத்துல நட்ட நடு மத்தியானம் சூரியன் ஏறுற உயரம் 54 டிகிரிதான். தெக்குப் பக்கமா சாஞ்சே போயிரும். ஜூலை ஆரம்பத்துல 80 டிகிரி, ஏறக்குறைய தலைக்கு மேல. சாஞ்சு விழுற வெயில் அதிக இடத்துல பரவி நீத்துப் போயிரும். பகலும் சின்னது. இது ரெண்டும் சேந்தா, பாவம் 50 லட்சம் கிலோமீட்டர் என்ன பண்ணும்?

ஆஸ்திரேலியாக்காரங்களுக்கு இது உல்டா. அவங்களுக்குக் கோடையும் அண்மைப் புள்ளியும் ஒண்ணா வருது. அப்ப அங்க கோடை நம்ம வடக்குப் பக்கத்தைவிட மோசமா இருக்கணுமே? ஆனா தெக்குப் பாதி பூராவும் கடல். தண்ணி சட்டுனு சூடாகாது, வர்ற கூடுதல் வெயிலை வாங்கி வயித்துக்குள்ள போட்டுக்குது. வடக்குல நிலம் ஜாஸ்தி, அது சட்டுனு காய்ஞ்சு கொதிக்கும். அதனால மொத்த பூமிக்கும் சராசரி எடுத்துப் பாத்தா, சூரியனை விட்டு ரொம்ப தூரத்துல இருக்கிற ஜூலையிலதான் பூமி சில டிகிரி கூடுதல் சூட்டுல இருக்கு! ஃபார்வர்டு சொல்றதுக்கு அப்படியே நேர் எதிர்.

இத்தனையும் அத்தைகிட்ட வாய்ஸ் மெசேஜ்ல சொன்னேன். “அப்பம் தூரத்துக்கும் வெயிலுக்கும் சம்பந்தமே இல்லங்கிற, அப்படித்தான?”ன்னாங்க.

அப்படிக் கேட்டா இல்லைன்னு சொல்ல முடியாது. அதான் கஷ்டம்.

இந்த அண்மைப் புள்ளி ஒரே தேதியில நிக்காது. சுமார் 58 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் காலண்டர்ல தள்ளிப் போகுது. 13-ம் நூற்றாண்டுல அது டிசம்பர்ல, பகல் ரொம்பக் குறைஞ்ச நாளோட ஒட்டி இருந்துச்சு. கிட்டத்தட்ட 11,000 வருஷத்துக்கு முன்னாடி ஜூன் வாக்குல இருந்துச்சு. அதாவது வடக்குப் பாதிக்குக் கோடையும் கிட்ட வர்றதும் ஒரே நேரத்துல. அப்ப நிலம் கூடக் கொதிச்சு, பருவக்காத்து கூட பலமா வீசி, சஹாரா பாலைவனத்துல ஏரியும் புல்வெளியுமா இருந்துச்சு. நீர்யானை, முதலை எல்லாம் வாழ்ந்த இடம் அது. எகிப்துல கில்ஃப் கெபீர்னு ஒரு பீடபூமி, இன்னைக்கு ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. அங்க ஒரு குகைச் சுவத்துல ஆளுங்க நீச்சலடிக்கிற மாதிரி பழைய ஓவியம் இருக்கு. நம்ம பக்கத்துப் பருவமழையும் அந்தக் காலத்துல இப்ப இருக்கிறதைவிட பலமா இருந்திருக்கு. பூமியோட பாதையில வர்ற இந்த மாதிரி மெதுவான மாத்தம் எல்லாம் பருவநிலையை எப்படி ஆட்டி வைக்குதுன்னு உக்காந்து கையாலயே கணக்குப் போட்டவர் செர்பியாவோட மிலுட்டின் மிலான்கோவிச்.

“பாத்தியா, நான் சொன்னது சரிதான?”ன்னாங்க அத்தை.

“பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னாடி அனுப்பியிருந்தா சரி அத்தை.”

ரெண்டு நாள் பேசல.

அத்தை பேசலைன்னதும் எனக்கு ரோஷம் வந்துருச்சு. கிட்ட வந்தா பெருசாத் தெரியணுமே, அதை அளந்தே காட்டிருவோம்னு இறங்கினேன். (சூரியனை நேரா பாக்காதீங்க. கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டும் பாக்காதீங்க. எக்ஸ்ரே ஃபிலிம்லயும் வேண்டாம்.)

முதல்ல பண்ணது எல்லாரும் பண்றதுதான். ஜன்னலை அட்டையால அடைச்சு, நடுவுல ஃபாயில் தாளை ஒட்டி, அதுல ஒரு ஓட்டை. எதிர்ச் சுவத்துல சூரியன் வட்டமா விழும். ஓட்டையிலருந்து 5 மீட்டர் தள்ளி விழுந்தா அந்த வட்டம் ஜனவரியில 47 மில்லிமீட்டர், ஜூலையில 46-க்குக் கொஞ்சம் கம்மி. வித்தியாசம் ஒண்ணரை மில்லிமீட்டர். ஆனா ஓட்டையே ரெண்டு மில்லிமீட்டர் இருக்கு, அந்த அளவுக்கு ஓரம் மங்கும். பென்சில் வச்சுக் குறிச்சா பென்சில் கோடே பாதி வித்தியாசத்தைச் சாப்பிட்டுருது. ஓட்டையைச் சின்னதாக்கினா வட்டம் கண்ணுக்கே தெரியல. போதாததுக்கு, ஜனவரியில மேற்கு ஜன்னல்ல நல்லா வர்ற வெயில் ஜூலையில வடக்க நகந்து, பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குது.

அப்புறம்தான் கண்ணாடி வித்தை. முகம் பாக்குற சின்னக் கண்ணாடி மேல கறுப்புத் தாளை ஒட்டி, நடுவுல பொட்டு அளவு ஓட்டை விட்டேன். மாடியில வெயில்ல வச்சு, அந்த ஒளியைத் திருப்பி மாடிப்படி இருட்டுக்குள்ள விட்டேன். இருபது மீட்டர் தள்ளி, கீழ் வீட்டுச் சுவத்துல அழகா ஒரு சூரியன்! (ஓட்டை வட்டமா இருக்கணும்னு அவசியம்கூட இல்ல. சதுரமா வெட்டினாலும் அவ்வளவு தூரத்துல வட்டமாத்தான் விழும். அது ஓட்டையோட உருவம் இல்ல, சூரியனோட உருவம்.) 20 மீட்டர்ல ஜனவரிக்கு 189 மில்லிமீட்டர், ஜூலைக்கு 183. ஆறு மில்லிமீட்டரை ஸ்கேல் வச்சே பாத்துரலாம். தூரத்தை டேப்ல சரியா அளந்து ரெண்டு தடவையும் அதே இடத்துல வச்சாப் போதும். அதுலயும் ஒரு தொல்லை, பூமி சுத்துறதால வட்டம் சுவத்துல நகந்துக்கிட்டே இருக்கும். பேப்பரை ஒட்டிட்டு ஓரத்தை டக்கு டக்குனு குறிக்கணும். கீழ் வீட்டுத் தாத்தா கதவைத் திறந்து, “என்னம்மா சுவத்துல கோலம்?”னு கேட்டார். சூரியனை அளக்குறேன்னு சொன்னேன். ஒண்ணும் சொல்லாம கதவைச் சாத்திட்டார்.

இத்தனை மெனக்கெட முடியாதுன்னா நிலாவைப் பாருங்க. அதுக்கும் நமக்கும் ஒரு அண்மைப் புள்ளி இருக்கு. ரொம்பக் கிட்ட வந்தா 3,56,500 கிலோமீட்டர், ரொம்ப தூரம் போனா 4,06,000-க்கு மேல. 14 சதவீதம் பெருசாத் தெரியும். டிவியில ‘ராட்சத நிலா’ன்னு கத்துறது இதைத்தான். அண்ணாந்து பாத்தா ஒரு மண்ணும் வித்தியாசம் தெரியாது, பக்கத்துல வச்சுப் பாக்க இன்னொரு நிலா இல்லையே! கிட்ட இருக்கிற பௌர்ணமியில ஒண்ணு, தூர இருக்கிற பௌர்ணமியில ஒண்ணுன்னு ஒரே கேமரா, ஒரே ஜூம்ல படம் எடுத்து ஒட்டிப் பாத்தாத்தான் அசந்து போவீங்க. (மொபைல்ல தானா எடுக்க விட்டா வெள்ளை உருண்டைதான் வரும். வெளிச்சத்தை நீங்களா குறைச்சு எடுக்கணும்.)

அத்தையோட அபீலியன் ஃபார்வர்டுக்குத் தம்பி ஒருத்தன் இருக்கான், ஆகஸ்ட் 27 ஃபார்வர்டு. செவ்வாய் நிலா அளவுக்குத் தெரியும், வானத்துல ரெண்டு நிலா பாக்கலாம்ங்கிற அதே இதுதான். 2003 ஆகஸ்ட் 27-ல செவ்வாய் நிஜமாவே ரொம்பக் கிட்ட வந்துச்சு, 5.58 கோடி கிலோமீட்டர். காரணம், அது தன்னோட அண்மைப் புள்ளியில இருந்த அதே சமயத்துல நாமளும் அந்தப் பக்கமா இருந்தோம். ஒரு தடவை நடந்ததுக்கு வருஷா வருஷம் திவசம் கொடுத்துக்கிட்டு இருக்கோம்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். கிட்ட வந்தா சூட்டுல பெருசா ஒண்ணும் ஆகல. அளவுல மூணு சதவீதம். அப்ப கிட்ட வந்தா என்னதான் ஆகுது?

வேகம்!

ஊஞ்சல் கீழ வரும்போதுதான் வேகமா போகும், உச்சியில ஒரு கணம் நின்னுட்டு வரும், இல்லையா? அதே கதைதான். தூரத்துலருந்து சூரியனைப் பாத்து விழுந்துக்கிட்டே வர்றோம், விழ விழ வேகம் ஏறுது. அண்மைப் புள்ளியில பூமி நொடிக்கு 30.29 கிலோமீட்டர் ஓடுது. சேய்மையில 29.29. நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வித்தியாசம், மணிக்கு 3,600 கிலோமீட்டர். யோஹன்னஸ் கெப்ளர் 1609-ல இதைத்தான் எழுதினார். டைக்கோ பிராஹே வருஷக்கணக்கா அளந்து வச்ச செவ்வாயோட இடங்களை வட்டத்துக்குள்ள அடைக்கப் பாத்து, கோணத்துல வெறும் 8 கலை இடிச்சதை விட மனசில்லாம, வட்டத்தையே தூக்கிப் போட்டவர். (60 கலை சேந்தா ஒரு டிகிரி. எட்டு கலையைக் கண்டுக்காம விட்டிருந்தா நானே மன்னிச்சிருப்பேன்.)

பூமி பாதை லேசாத்தான் நசுங்கியிருக்கு, அதனால வித்தியாசமும் லேசு. ஹாலி வால்நட்சத்திரத்தைப் பாருங்க. 1986 பிப்ரவரி 9-ல சூரியனுக்குக் கிட்ட வந்தப்ப நொடிக்கு 54 கிலோமீட்டருக்கு மேல ஓடுச்சு. 2023 டிசம்பர்ல நெப்டியூனுக்கும் அப்பால சேய்மைக்குப் போனப்ப ஒரு கிலோமீட்டர்கூட இல்ல. 76 வருஷ வாழ்க்கையில நமக்குப் பக்கத்துல இருக்கிறது சில மாசம்தான், மத்ததெல்லாம் இருட்டுக்குள்ள நத்தை வேகம். அங்க திரும்பி இப்ப வந்துக்கிட்டு இருக்கு. 2061 ஜூலை 28-ல அடுத்த அண்மை.

இந்த வேகத்தை வச்சுப் பொழப்பு நடத்துறவங்களும் இருக்காங்க. நம்ம இஸ்ரோ.

2013 நவம்பர் 5-ல மங்கள்யான் கிளம்புச்சு. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கு அதை நேரா செவ்வாய்க்குத் தூக்கி எறியற சக்தி கிடையாது. பூமியைச் சுத்தி ஒரு நீள்வட்டத்துல விட்டுட்டு வந்துருச்சு, கிட்டத்துல 250 கிலோமீட்டர் வாக்குல, தூரத்துல 23,500. மிச்சத்தை அதுகிட்ட இருந்த சின்ன இன்ஜின்தான் பாத்துக்கணும். அந்த இன்ஜினோட தள்ளுவிசை 440 நியூட்டன். அதாவது 45 கிலோவைத் தூக்கிப் பிடிக்கிற அளவு. வண்டியோட எடை கிளம்பும்போது 1,337 கிலோ.

என்ன பண்ணாங்க? ஒவ்வொரு தடவையும் பூமிக்குக் கிட்ட வர்ற அந்த இடத்துல மட்டும் கொஞ்ச நேரம் இன்ஜினைப் போட்டாங்க. அது ஏன் அங்க? பிளஸ் ஒன் ஃபிசிக்ஸ் ஞாபகம் இருக்கா, விசையைத் தூரத்தால பெருக்கினா வேலை. அதே இன்ஜின், அதே விசை, அதே நிமிஷம்தான். ஆனா வேகமா ஓடுறப்ப அந்த நேரத்துக்குள்ள கூட தூரம் கடக்குது. அதனால அதே எரிபொருளுக்குக் கூட சக்தி சேருது. ஊஞ்சல்ல உக்காந்த பிள்ளைக்கு அதே தட்டை உச்சியில நிக்கிறப்ப குடுத்தா பெருசா ஏறாது. கீழ வேகமா போற நேரத்துல முதுகுல ஒரு தட்டு, அப்பத்தான் கூட உயரும்.

கிட்டத்துல ஒரு தட்டு, தூரத்துப் புள்ளி 28,800-க்கு ஏறுச்சு. அடுத்த தட்டுக்கு 40,000. அப்புறம் 71,000. நவம்பர் 11-ல ஒண்ணு சொதப்புச்சு, நினைச்ச அளவு ஏறல. மறுநாளே கூட ஒரு தட்டு போட்டுச் சரிக்கட்டினாங்க. கடைசியில 1,92,000 கிலோமீட்டர். அந்தப் பாதையில கிட்டத்துல வந்தா நொடிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல, தூரத்துல அரை கிலோமீட்டர்கூட இல்ல. டிசம்பர் 1 நடு ராத்திரி தாண்டி, திரும்பவும் அதே கிட்டத்துப் புள்ளியில 22 நிமிஷம் விடாம எரிச்சதும் பூமியோட பிடியை விட்டுட்டுக் கிளம்பிருச்சு. சந்திரயான்-3-ம் இதே வழியிலதான் நிலாவுக்குப் போச்சு. அந்தத் திட்டத்தோட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். மங்கள்யானோட புரோகிராம் டைரக்டரா இருந்த மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கம். நம்மூர்ல சூரிய அண்மை, புவி அண்மைன்னா யாருக்கும் தெரியலைன்னு நான் புலம்புறேன், அதை வச்சே செவ்வாய் வரைக்கும் போயிருக்காங்க!

இன்னும் ஒருபடி மேல போனது நாசாவோட பார்க்கர் விண்கலம். 2024 டிசம்பர் 24-ல சூரியப் பரப்புலருந்து 61 லட்சம் கிலோமீட்டர்ல போச்சு. மணிக்கு 6.9 லட்சம் கிலோமீட்டர் வேகம். மனுஷன் செஞ்ச பொருள்ல இதைவிட வேகமா எதுவும் ஓடினதில்ல. அதே விண்கலம் வெள்ளியோட பாதை வரைக்கும் வெளிய வந்தா நொடிக்கு 12 கிலோமீட்டர்னு சாதுவா போகும். இதுல வேடிக்கை, சூரியனுக்குக் கிட்ட போகணும்னா முதல்ல வேகத்தைக் குறைக்கணும். பூமியிலருந்து கிளம்புற எதுக்கும் பக்கவாட்டுல நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகம் பிறவியிலயே இருக்கு, அது விழவே விடாது. அதனால வெள்ளியை ஏழு தடவை உரசி உரசி பிரேக் போட்டுத்தான் உள்ள இறங்குச்சு.

(இங்க ஒரு கிளைக்கதை. யூஜின் பார்க்கர் 1958-ல சூரியக் காத்து பத்திக் கட்டுரை எழுதினப்ப, பரிசீலிச்ச ரெண்டு பேரும் வேண்டாம்னுட்டாங்க. பத்திரிகை ஆசிரியருக்கும் அந்தக் கருத்து பிடிக்கல. ஆனா கணக்குல தப்பு இல்லையேன்னு போட்டுட்டார். அந்த ஆசிரியர் நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர். பிடிக்காததைக்கூட சரியா இருந்தா அனுப்புறது. ஃபார்வர்டு பண்றவங்க கத்துக்க வேண்டிய பாடம்.)

சரி, ராக்கெட்டு, விண்கலம் எல்லாம் நமக்கு எங்க? பூமி ஜனவரியில வேகமா ஓடுறதுக்கு வீட்டுக்குள்ள ஏதாவது அத்தாட்சி இருக்கான்னு கேட்டா, இருக்கு. சுவத்துல ஆணி அடிச்சு மாட்டியிருக்கு.

தினசரி காலண்டர்.

தமிழ் மாசம்னா என்ன? வானத்தைப் பன்னெண்டு ராசியா, ஆளுக்கு 30 டிகிரின்னு பிரிச்சு, ஒரு ராசியைச் சூரியன் கடக்க எடுக்கிற நேரம். நிஜத்துல ஓடுறது பூமி, நமக்குச் சூரியன் நகர்ற மாதிரி தெரியுது. பூமி வேகமா ஓடினா ராசி சீக்கிரம் முடியும், மாசம் சின்னதாகும். மெதுவா ஓடினா மாசம் நீளும்.

2024 டிசம்பர் 16-ல மார்கழி ஒண்ணு. 2025 ஜனவரி 13-ல மார்கழி கடைசி. எண்ணிப் பாருங்க, 29 நாள். 2025 ஜூன் 15-ல ஆனி ஒண்ணு, ஜூலை 16-ல கடைசி. 32 நாள். பஞ்சாங்கக் கணக்குல மார்கழி 29 நாள் 20 நாழிகை, பன்னெண்டுலயும் இதுதான் ஆகச் சின்னது. ஆனி 31 நாள் 36 நாழிகை, இதுதான் ஆகப் பெருசு. இப்ப பூமியோட அண்மைப் புள்ளி எங்க வருது? ஜனவரி 3, 4. மார்கழி 19, 20. சேய்மை? ஜூலை முதல் வாரம், ஆனி 20-ஐ ஒட்டி. சின்ன மாசத்துக்கும் பெரிய மாசத்துக்கும் உள்ள அந்த ரெண்டே கால் நாளுதான், அந்த நீள்வட்டத்தோட நசுங்கல்!

ராசி நட்சத்திரத்தை வச்சுப் பிரிச்சதால, இங்கிலீஷ் தேதி நகர்ற மாதிரி இது சட்டுனு நகராது. மார்கழி இன்னும் ரொம்ப நாளைக்குச் சின்ன மாசமாத்தான் இருக்கும்.

அத்தைக்கு இதைச் சொன்னதும் கோவம் எல்லாம் பறந்துருச்சு. காலண்டரைப் புரட்டி எண்ணிப் பாத்துட்டு, “ஏட்டி, அந்தக் காலத்துலயே கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க பாத்தியா. இத அனுப்பட்டுமா குரூப்புல?”

அத்தை, இருங்க! அனுப்புறதுன்னா முழுசா அனுப்புங்க. சூரியன் ஓட்டம் வருஷம் பூரா ஒரே சீரா இல்ல, மிதுன ராசிப் பக்கம் மெதுவா போகுதுன்னு சூரிய சித்தாந்தம் போட்டவங்களுக்கு நல்லாத் தெரியும். அதுக்குத் திருத்தமும் கச்சிதமா கணக்குப் போட்டாங்க. கிரேக்கத்துல ஹிப்பார்க்கஸும் வசந்தம் 94½ நாள், கோடை 92½ நாள்னு அளந்து இதையேதான் பிடிச்சார். ஆனா பாதை நீள்வட்டம், சூரியன் அதோட நடுவுல இல்லாம ஓரமா ஒரு குவியத்துல இருக்குன்னு சொன்னவர் கெப்ளர். முன்னோர் அளந்ததுக்கு அவங்களுக்குப் பெருமை, கெப்ளர் வரைஞ்சதுக்கு அவருக்குப் பெருமை. ஒருத்தர் பெருமையைப் பிடுங்கி இன்னொருத்தர் தலையில வைக்காதீங்க. அப்படி ஒரு ஃபார்வர்டு கிளம்புனா அதுக்கு எதிரா இதே அளவுக்கு இன்னொரு பதிவு எழுத எனக்குத் தெம்பு இல்ல.

அத்தை அதெல்லாம் காதுலயே போட்டுக்கல. அவங்க மண்டையில வேற கணக்கு ஓடுது.

“அப்பம் மாச வட்டிக்குக் குடுத்தா, மார்கழியில 29 நாளுக்கும் அதே வட்டி, ஆனியில 32 நாளுக்கும் அதே வட்டியா?”

தமிழ் மாசக் கணக்குன்னா ஆமா அத்தை.

“கடன் வாங்குறவன் ஆனியில வாங்கணும். குடுக்கவன் மார்கழியில குடுக்கணும்னு சொல்லு.”

நானூறு வருஷமா கெப்ளரை எத்தனையோ பேரு விளக்கிட்டாங்க. இவ்வளவு சுருக்கமா யாரும் சொன்னதில்ல. இதை வேணா எல்லாருக்கும் அனுப்புங்க.